கல்லில் மரங்கண்ட பீர்பல் சாஹ்னி

புதுச்சேரிக்கு வடமேற்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரத்தில், சங்கராபரணியாற்றின் கரையில், திருவக்கரை என்னும் பழம்பதி ஒன்றுளது. சந்திரமௌலீசுவரர் ஆலயமும் வக்கிரகாளியம்மன் சந்நிதியும் அவ்வூரின் பெயரை நாடறியச் செய்தன. அதே ஆறு கீழே இறங்கி வில்லியனூரைத் தழுவிக் கடல் நோக்கிச் செல்கின்றது. பௌர்ணமி நாட்களில் வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் பல, பிள்ளைகளோடு அம்மனைத் தரிசிக்கத் திருவக்கரைக்குப் போவதுண்டு. ஆயினும் கோயிலுக்குச் சிறிது தொலைவிலுள்ள செம்மண் மேட்டிற்குச் சென்று, அங்கே சாய்ந்து கிடக்கும் கல்மரங்களைக் கண்டு திரும்புவோர் அவர்களுள் மிகச் சிலரே. பார்வைக்கு அவை வெட்டிப் போட்ட அடிமரங்கள். கையால் தட்டினாலோ கருங்கல். நாரோட்டம் தெரிகின்றது, கணுவிருந்த இடம் தெரிகின்றது, ஆனால் கோடரி பாயாது.

அவை அசுரன் ஒருவனுடைய எலும்புகளென்பது ஊர் வழக்கு. கற்றவர் சிலர் இதனைக் கேட்டு நகைப்பர். நாம் நகைக்க மாட்டோம். இக்கல் முன்னொரு காலத்தில் உயிரோடிருந்த பொருள் என்னும் உண்மையை அவ்வூரார் எந்த நூலையும் படியாமலே கண்டு கொண்டனரன்றோ? எலும்பென்றது பிழை, உயிரென்றது பிழையன்று.

இம்மரங்களை மேனாட்டாருக்கு முதன்முதல் அறிவித்தவர் பிரெஞ்சு இயற்கை நூற் புலவராகிய சொன்னெரா என்பவர். தமது கீழ்நாட்டுப் பிரயாண நூலை 1782-ம் ஆண்டில் பாரீஸில் வெளியிட்டார். 1855-ல் ஜெர்மனி தேசத்து ஷ்லைடன் என்னும் தாவர சாஸ்திரி, இங்கிருந்து சென்ற கல்மரத் துண்டொன்றைச் சோதித்து அதற்கு ஒரு பெயர் சூட்டினார். அதன்பின் முக்கால் நூற்றாண்டு சென்றது. அத்துண்டின் உண்மையான குலம் இன்னதென்று ஆராய்ந்து, 1931-ல் அதனை வேறொரு வகுப்பிற் சேர்த்து வைத்தவர் நம் நாட்டவர் ஒருவர். அவரே பேராசிரியர் பீர்பல் சாஹ்னி. கற்களைக் கையிலெடுத்துப் பார்க்கும் பழக்கத்தை அவர் எந்தக் கலாசாலையிலும் கற்றுக் கொள்ளவில்லை. தம் வீட்டிலேயே, தந்தையாரிடத்திலே கற்றார். அதனால் அவருடைய சரித்திரத்தை நம் மாணவர்க்கும், இக்காலத்தில் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் பாடஞ் சொல்லும் பெற்றோர்க்கும் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றோம்.

சாஹ்னி 1891-ம் ஆண்டு நவம்பர் மாதம் 14-ந் தேதி, மேற்குப் பஞ்சாபில் பேரா என்னும் ஊரிற் பிறந்தார். அவ்வூர் இப்பொழுது பாகிஸ்தானத்தைச் சேர்ந்தது. (ஜவாஹர்லால் நேரு பிறந்ததும் இரண்டாண்டுகளுக்கு முன் அதே நவம்பர் 14-ந் தேதியே. குழந்தைகள் தினமென்று நாம் கொண்டாடும் அந்நாள், கல்லோடு விளையாடிக் கற்ற இக்குழந்தைக்கும் உரியதாயிருத்தல் ஒரு நல்ல பொருத்தம்.) தந்தையார் ருசிராம் சாஹ்னி; தாயார் ஈசுவர தேவி. பேராவுக்கு அணித்தாயுள்ளது உப்புமலைத் தொடர். அத்தொடரிலுள்ள கேவ்ராச் சுரங்கத்திலிருந்து இன்றும் பாறையுப்பு வெட்டியெடுக்கப்படுகின்றது. பூகர்ப்ப சாஸ்திரம் பயில்வோர்க்கு அம்மலையினும் சிறந்த பள்ளிக்கூடம் கிடைத்தலரிது. அடுக்கடுக்காக ஒன்றன்மே லொன்றாய்ப் படிந்த பாறைகளும், அவற்றுட் புதைந்த சிப்பியும் நத்தையுமாகிய தொல்லுயிர்ச் சின்னங்களும் அங்கே மறைவின்றிக் கண்ணுக்குத் தெரியக் கிடக்கின்றன.

ருசிராமரைப் பற்றிச் சற்று நின்று பேசுதல் தகும். ஏனெனில் மகனுடைய கல்வியின் வேர் அவரே. லாகூர் அரசினர் கலாசாலையில் அவர் ரஸாயன சாஸ்திர ஆசிரியராயிருந்தார். அக்காலத்து ஆசிரியர் பெரும்பாலார் வகுப்பறையோடு தம் கடமை முடிந்ததெனக் கருதியிருக்க, இவர் 1885-ல் தோன்றிய பஞ்சாப் விஞ்ஞானக் கழகத்தின் வாயிலாக ஊரூராகச் சென்று, பஞ்சாபி மொழியிலேயே விஞ்ஞானப் பிரசங்கங்கள் செய்தார். சோதனைகளைச் சபையோர் கண்முன் செய்து காட்டுவார். கடைக்காரரும் தொழிலாளரும் சிறு கட்டணங் கொடுத்து வந்து கேட்டார்கள். சோதனைக் கருவிகள் சீமையிலிருந்தே வரவேண்டுமென்னும் நிலையை மாற்றுதற்கு, அவற்றை உள்ளூரிற் செய்யவும் செப்பனிடவும் ஒரு தொழிற்கூடத்தையும் நடத்தினார். ஐம்பது வயது கடந்த பின்னும் மாணாக்கராகி, 1914-ல் இங்கிலாந்து சென்று, மாஞ்செஸ்டர் நகரில் ரதர்போர்டு என்னும் பேரறிஞரின் சோதனைச் சாலையிற் பயின்றார். விஞ்ஞானம் தாய்மொழியிற் சொல்லக் கூடாததென்று இன்றுங் கூறுவார் உளர். அவர்க்கு ருசிராமரின் வாழ்க்கையே போதிய விடையாகும் என்பது நம் கருத்து.

இத்தகைய தந்தை தம் மக்களை வளர்த்த முறை தனிப்பட்டது. விடுமுறை வந்தால் பிள்ளைகள் வீட்டில் அடைந்து கிடத்தலில்லை. அனைவரும் மூட்டை கட்டிக் கொண்டு மலைப் பிரயாணம் புறப்படுவர். உப்புமலைக்குச் செல்லுதலுமுண்டு, இமயத்தின் உட்புறஞ் செல்லுதலுமுண்டு. ரோதங்கு கணவாய், ஜோஜி லா கணவாய், அமர்நாத் குகை ஆகிய இடங்களெல்லாம் சாஹ்னி இளமையிலேயே நடந்து கண்டவை. வழியிற் கண்ட செடியைப் பறித்து உலர்த்தி வைத்தலும், பாறையை உடைத்துப் பார்த்தலும், இது எங்கிருந்து உருண்டு வந்ததென்று ஒருவரையொருவர் வினவுதலும் அப்பிரயாணங்களின் பாடத்திட்டம். பாடப் புத்தகம் இல்லை; பரீட்சை இல்லை. ஒரு பொருளின் பெயரை அறியுமுன்னே அப்பொருளின் கனத்தையும் நிறத்தையும் சொரசொரப்பையும் அப்பிள்ளைகள் அறிந்தார்கள். இவ்வாறு வளர்ந்த மக்களுள் பீர்பல் ஒருவரே இத்துறையிற் புகுந்தவரென்று எண்ணற்க. இளையவராகிய முல்க் ராஜ் சாஹ்னியும் தொல்லுயிர் ஆராய்ச்சியாளராய் விளங்கினார். முல்க் ராஜின் மைந்தர் அசோக் சாஹ்னி, இந்தியாவின் டைனோசர்களை ஆராய்ந்து பெயர் பெற்றவர்.

பள்ளிப் படிப்பு லாகூரில் நடந்தது. அங்கே மிஷன் பள்ளியிலும், பின்னர் சென்ட்ரல் மாடல் பள்ளியிலும் பயின்று, தந்தையார் பணியாற்றிய அரசினர் கலாசாலையிற் சேர்ந்து, 1911-ல் பி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். அக்கலாசாலையிலே தாவர சாஸ்திரம் போதித்த சிவராம் காசியபர் பிற்காலத்தில் இமயப் பிரயாணங்களிலும் இவருக்குத் துணையாயினார். பட்டம் பெற்ற ஆண்டிலேயே இவர் இங்கிலாந்துக்குச் சென்று கேம்பிரிட்ஜில் இம்மானுவேல் கலாசாலையை அடைந்தார். மகன் ஐ.சி.எஸ். உத்தியோகத்திற்குரிய பரீட்சையைக் கொடுத்து உயர்பதவி அடைய வேண்டுமென்பது தந்தையாரின் விருப்பமாயிருந்தது. மகனோ, தந்தையின் கட்டளை அதுவாயின் மீறுவதில்லையென்றும், தமது விருப்பத்தைக் கேட்பின் தாவர சாஸ்திரமே தம் வழியென்றும் பணிவோடு தெரிவித்துக் கொண்டார். தந்தையார் வழிவிட்டார். மலையேறக் கற்பித்தவர் அவரேயாதலின், மகன் ஏறிய பின் இறங்கச் சொல்லுதல் அவர்க்கு எளிதாயிருந்திராது.

கேம்பிரிட்ஜில் ஸீவர்டு என்னும் பேராசிரியரிடம் தொல்தாவர ஆராய்ச்சி பயின்றார். இவ்விருவருக்குமிடையே உண்டான ஆசிரிய மாணாக்கத் தொடர்பு, ஸீவர்டு காலமாகும் வரையில் குன்றாதிருந்தது. மாணாக்கராயிருந்த போதே, இந்திய மாணவர் படித்து வந்த லௌசன் என்பாரின் தாவர சாஸ்திர பாடநூலை, நம் நாட்டுச் செடிகளை உதாரணமாகக் காட்டித் திருத்தியமைக்கும் பணியிற் கலந்து கொண்டார். வயலிற் காணாத செடியைப் புத்தகத்திற் படித்து ஒப்பிக்கும் துன்பத்தினின்று நம் இளைஞரை விடுவித்த அச்சிறு பணியை, அவருடைய பெருநூல்களோடு சேர்த்தெண்ணுதல் வேண்டும். 1919-ல் லண்டன் சர்வகலாசாலையின் டி.எஸ்ஸி. பட்டம் பெற்று நாடு திரும்பினார். காசியில் ஓராண்டும் லாகூரில் ஓராண்டும் பணியாற்றினார். 1920-ல் சாவித்திரி அம்மையாரை மணந்தார். 1921-ல் புதிதாகத் தோன்றிய லக்னோ சர்வகலாசாலையில் தாவர சாஸ்திரத் தலைமைப் பேராசிரியராய் அமர்ந்தார். அதன்பின் இறுதி வரையில் லக்னோவே அவருடைய ஊர். 1929-ல் கேம்பிரிட்ஜின் எஸ்ஸி.டி. பட்டமும், 1936-ல் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினர் என்னும் பெருமையும் அவரை வந்தடைந்தன. 1940-ல் சென்னையில் கூடிய இந்திய விஞ்ஞானக் காங்கிரஸிற்கு அவரே பொதுத் தலைவர். தக்கணத்து எரிமலைப் பாறைகளின் வரலாற்றை அன்று அவர் தலைமையுரைக்குப் பொருளாக எடுத்துக் கொண்டார்.

இனித் திருவக்கரைக்கு வருவோம். இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் என்று மதிக்கப்படும் காலத்தில், பெருவெள்ளம் அடித்துக் கொண்டு வந்த மரங்கள் மணலிற் புதையுண்டன. அங்குள்ள மரங்களிற் கிளையும் வேரும் பட்டையும் இன்றி அடிமரங்களே கிடத்தலினால், அவை அவ்விடத்தே வளர்ந்தவையல்ல, தொலைவிலிருந்து உருண்டு வந்தவை என்று கொள்ளுகின்றனர். மணலினூடே ஊறிய நீரிற் கரைந்திருந்த சிலிகா என்னும் பொருள் மரத்தின் நுண்ணறைகளிற் சென்று படிந்தது. மரப்பொருள் சிறிது சிறிதாக நீங்க, அதன் இடத்தை அணுவணுவாகக் கல் நிரப்பியது. அச்சில் வார்த்தது போல் உள்ளமைப்பு முழுவதும் கல்லாகிய பின்னும் நின்று விட்டது. இம்மரங்கள் புதைந்த படிவு கடலூர் மணற்பாறை எனப் பெயர் பெறும்.

கல்லாகிய மரம் எக்குலத்தைச் சேர்ந்ததென்று அறிதல் எங்ஙனம்? இலையில்லை, பூவில்லை, காயில்லை. இங்கேதான் சாஹ்னி போன்றாரின் கைத்திறன் வேண்டப்படுகின்றது. கல்லிலிருந்து மெல்லிய வில்லை ஒன்றை அறுத்தெடுத்து, கண்ணாடித் தகட்டின்மேல் ஒட்டி, தேய்பொடியும் நீருமிட்டு, ஒளி ஊடுருவுமளவும் பொறுமையோடு தேய்க்க வேண்டும். சிறிது அதிகமாகத் தேய்ந்தால் இரண்டு கோடி ஆண்டு காத்திருந்தது ஒரு கணத்தில் தூளாய்ப் போம். தேய்த்து முடித்த தகட்டைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்தால் நீர் செல்லும் குழாய்கள் தோன்றும்; அல்லது தோன்றா. வேம்பு, தேக்கு, புளி முதலிய மரங்களில் அகன்ற வாயுள்ள குழாய்கள் உண்டு. பைன் முதலிய ஊசியிலை மரங்களில் அவை இல்லை. ஒரே சீரான நுண்ணறைகள் தேனடை போல் நிரை நிரையாய் நிற்கும். ஷ்லைடன் பெயரிட்ட திருவக்கரைத் துண்டு இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது. சாஹ்னி அதனை மீண்டும் ஆராய்ந்து, பொடோகார்ப்பஸ் என்னும் ஊசியிலைக் குலத்தோடு உறவுடையதென்று துணிந்து, மெஸெம்பிரியாக்ஸிலான் என்னும் வகுப்பில் வைத்தார். அக்குலத்து மரம் ஒன்று இன்றும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் உயிரோடு நிற்கின்றது. திருவக்கரையிற் கிடக்கும் ஏனைய மரங்களிற் பெரும்பாலன குழாயுள்ள பூமரங்களே.

இவ்வேறுபாட்டைக் காணச் சோதனைச் சாலை வேண்டியதில்லை என்பதை இங்கே சொல்லி வைப்போம். தச்சுப் பட்டறையிற் கிடக்கும் தேக்குத் துண்டொன்றையும், சாமான் பெட்டியிலிருந்து பெயர்த்த பைன் துண்டொன்றையும் எடுத்து, குறுக்குவாட்டில் கூரிய கத்தியால் மழுங்கச் சீவி, நீர் தடவி, கைப்பூதக்கண்ணாடியால் நோக்குக. தேக்கிலே ஊசித் துளைகள் போன்ற வாய்கள் தெரியும். பைனிலே அவ்வாறு தெரியா. வில்லியனூரிலோ பாகூரிலோ வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பத்து வயதுக் குழந்தை இதனைச் செய்யலாம். செய்து பார்த்த குழந்தை திருவக்கரைக்குச் செல்லுமாயின், வெறுங்கல்லைப் பார்க்கச் செல்லாது. ஆனால் ஒன்று: திருவக்கரைக் கல்மரப் பூங்கா இந்தியப் பூகர்ப்ப ஆராய்ச்சித் துறையின் பாதுகாப்பிலுள்ளது, துண்டொன்றையும் எடுத்து வருதல் கூடாது. கண்ணும் விரலும் எழுதுகோலுமே அங்கு நமக்கு உரியவை. வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த சேதராப்பட்டுப் பக்கத்து நிலமும் இத்தகைய செல்வமுடையதே. ஏறக்குறைய ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அக்கடலின் சிப்பிகளையும், ஆட்டுக்கடாவின் கொம்பு போற் சுருண்ட அம்மோனைட்டுகளையும் 1840-க்குப் பின் காயே, கன்லிப் என்னும் ஆங்கிலேயர் திரட்டியனுப்ப, எட்வர்டு போர்ப்ஸ் 1846-ல் விவரித்தெழுதினார். பாகூரோ வேறு வகையிற் செல்வமுடையது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், 9-ம் நூற்றாண்டிலே, அங்கிருந்த வித்தியாஸ்தானத்திற்கு மூன்று ஊர்கள் தானமளிக்கப்பட்டமையை அவ்வூர்ச் செப்பேடு கூறுகின்றது. பள்ளிக்கு ஊர் கொடுத்த நாடு இது.

சாஹ்னியின் ஆராய்ச்சிகள் பல. ராஜமகால் மலைகளிற் கிடைத்த சிதறிய துண்டுகளைப் பொருத்தி, வில்லியம்ஸோனியா என்னும் அழிந்த தாவரத்தின் முழு உருவத்தைத் தம் ஆசிரியரின் பெயரால் 1932-ல் வரைந்து காட்டினார். அம்மலைகளிலிருந்தே 1948-ல் பெண்டாக்ஸிலியே என்னும் புதியதொரு குலத்தையும் உலகிற்கு அறிவித்தார். காசுமீரத்தின் பீர் பஞ்சால் மலையில் 10,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள படிவுகளில் சிங்காரா என்னும் நீர்க்கொட்டைச் செடியின் சின்னங்கள் கிடைத்தன. அச்செடி இக்காலத்தில் அங்குள்ள ஏரிகளில் அவ்வுயரத்திற் பாதியளவிலேயே வளர்கின்றது. செடி மலையேறவில்லை, மலையே செடியைச் சுமந்து கொண்டு உயர்ந்தது என்று 1936-ல் அவர் காட்டினார். அதே ஆண்டில் ரோதக் நகரத்தருகே கோக்ராகோட் என்னும் மண்மேட்டில், யௌதேயர் காசு வார்த்த களிமண் அச்சுக்களைக் கண்டெடுத்தார். தாவர சாஸ்திரிக்கும் காசுக்கும் என்ன தொடர்பென்று கேட்போர், உப்புமலையிற் கண்டதையெல்லாம் குனிந்தெடுத்த சிறுவனை மறந்தவராவர். அக்காசு வார்ப்பு முறையைப் பற்றி 1945-ல் அவர் எழுதிய நூலை நாணயவியலார் இன்றும் போற்றுவர்.

ஆயினும் நம் மனத்தை மிகவும் ஈர்ப்பது அவர் வென்ற இடங்களன்று; அவருக்குத் தோல்வி நேர்ந்த ஓரிடம். அது அவர் குழந்தைப் பருவத்து உப்புமலையே. கேவ்ராவின் உப்புப் படிவு எக்காலத்தது என்பது அறிஞருள் நெடுநாளைய வழக்கு. அடுக்கில் அது மிகப் பழைய கேம்பிரியன் பாறைகளுக்குக் கீழே கிடத்தலின், அவற்றினும் முந்தியது என்றனர் ஒரு சாரார். பிற்காலத்திலே நிலம் பெயர்ந்து கீழே செருகிக் கொண்டது, ஆகவே புதியது என்றனர் மற்றொரு சாரார். சாஹ்னி உப்பையும் அதனோடு சேர்ந்த மண்ணையும் கரைத்துச் சோதித்து, அவற்றுள் மரத்துகள்களையும் பூச்சிகளின் நுண்ணிய உறுப்புக்களையும் கண்டார். கேம்பிரியன் காலத்தில் மரமேது? ஆதலின் உப்பு சுமார் ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட இயோசீன் காலத்ததென்று அவர் உறுதியாக வாதித்தார். 1944, 1945-ம் ஆண்டுகளில் இதன் பொருட்டு அறிஞர் சபைகள் கூடின. வழக்கு அவர் காலத்தில் தீரவில்லை. பின்னர் வந்த ஆராய்ச்சி அவருக்கு மாறாகவே முடிந்தது. உப்பு ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முந்தியதென்றும், அவர் கண்ட துகள்கள் பிற்காலத்தில் நீரோடும் காற்றோடும் புகுந்தவையென்றும் இப்பொழுது கொள்ளப்படுகின்றது.

அவர் கண்டது பொய்யன்று. துகள்கள் உண்மையாகவே அங்கிருந்தன. எவரும் வந்து காணலாமென்று அவர் அழைத்தார். தூசு புகாதபடி காக்கவும் முயன்றார். கையிலுள்ள பொருள் எது என்பதில் அவர் வழுவவில்லை. அது அவ்விடத்திற்கு எப்போது வந்தது என்பதிலே வழுவினார். கல்லைப் பொறுக்கி மகிழும் குழந்தைக்குப் பெற்றோர் முதலிற் சொல்ல வேண்டியது இதுவே என்று தோன்றுகின்றது: கல்லின் பெயர் பின்னர் வரட்டும், எந்த ஊர், எந்த மேடு, எந்த அடுக்கு, தானே கிடந்ததா, பாறையிற் பதிந்திருந்ததா, அன்று தேதி என்ன என்பவற்றை முதலில் எழுதி வைக்க வேண்டும். இடக்குறிப்பு இழந்த தொல்லுயிர்ச் சின்னம், ஏடு கிழிந்து உதிர்ந்த ஒற்றை எழுத்துப் போல்வது. ஆற்றங்கரையிற் கிடைக்கும் கூழாங்கல்லைக் கொண்டே இப்பழக்கத்தைத் தொடங்கலாம். சங்கராபரணியின் மணலிலும் தென்பெண்ணையின் மணலிலும் அதற்குக் குறைவில்லை.

லக்னோவில் அவர் வாழ்க்கையின் இறுதிக் கனவு ஒரு ஆராய்ச்சி நிலையம். தொல்தாவரங்களை ஆராய்தற்கென்றே தனி நிலையம் நம் நாட்டில் அதுகாறும் இருந்ததில்லை. 1946-ல் தொல்தாவரக் கழகம் ஒன்று அமைந்தது. சாஹ்னியும் சாவித்திரி அம்மையாரும் தங்கள் நூல்களையும், வாழ்நாளெல்லாம் திரட்டிய கற்களையும், உடைமையையும் அதற்கே கொடுத்தனர். அவர்களுக்கு மக்கட் பேறில்லை. கழகத்தின் வாயிலாக அவ்வாண்டிலேயே நிலையம் தொடங்கி, சர்வகலாசாலையின் தாவர சாஸ்திரப் பகுதியிலேயே சிறிது காலம் ஒதுங்கியிருந்தது. கட்டடத்திற்கு அடிக்கல் நாட்ட வேண்டிய காலம் வந்தது. சாஹ்னி வெறும் எழுத்துப் பொறித்த கல்லை விரும்பவில்லை. பல காலத்துப் பல தேசத்துத் தொல்லுயிர்ச் சின்னங்களைச் சாந்திற் பதித்து, ஒரு கல்லைத் தாமே அமைத்தார். 1949-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி பிரதமர் நேரு அக்கல்லை நாட்டினார்.

ஒரு வாரமும் நிறையவில்லை. ஏப்ரல் 10-ந் தேதி சாஹ்னி மாரடைப்பினாற் காலமானார். வயது 57. கட்டடம் எழும்ப வேண்டிய அந்நிலத்திலேயே அவருக்குச் சமாதி அமைந்தது. சாவித்திரி அம்மையார் தம் துயரை அடக்கிக் கொண்டு, கழகத்தின் பொறுப்பைத் தாமே ஏற்றுப் பொருள் திரட்டிக் கட்டடத்தை முடித்தார். 1953-ல் நேருவே மீண்டும் வந்து அதனைத் திறந்து வைத்தார். பீர்பல் சாஹ்னியின் பெயர் தாங்கிய அந்நிலையம் லக்னோவில் சர்வகலாசாலைச் சாலையில் இன்றும் நடைபெறுகின்றது. 2015-ல் அதன் துறை விரிவாக்கப்பட்டு, தொல்லறிவியல் நிலையம் என்று பெயர் மாற்றம் பெற்றது. சாஹ்னி தம் கையாற் பதித்த அடிக்கல்லும் அங்கேயே உளது.